பட்டதாரிக்கும் மனு எழுத ஓர் ஆளா?

திங்கட்கிழமைதோறும் நமது ஜில்லா கலெக்டர் ஆபீசுகளில் ஜனங்களின் குறைகேட்கும் நாள் நடக்கிறது. திருவள்ளூரிலும் நடக்கிறது. அன்று வாசலில் சற்று நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றி, பட்டா கேட்பவரும், பென்ஷன் கேட்பவரும், ரேஷன் கார்டு கேட்பவரும் நிற்பார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத கிழவி ஒருத்தி காசு கொடுத்து மனு எழுதிக்கொள்ளுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலே பி.ஏ., பி.எஸ்ஸி. பாஸ் செய்த வாலிபர்களும் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அதுதான் நாம் யோசிக்கவேண்டிய சங்கதியாகும்.

அந்த வாலிபர் அறிவில்லாதவரா? இல்லவே இல்லை. பட்டா ஏன் வரவில்லை, எந்த ஆபீசுக்கு எத்தனை தடவை அலைந்தார், யார் என்ன சொல்லித் திருப்பினார்கள் என்று கேட்டால் ஒன்றுவிடாமல் வாயால் சொல்லுவார். அதையே காகிதத்தில் எழுதச் சொன்னால் “ஐயா, வணக்கம்” என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்திலும், மூன்று வருஷம் காலேஜிலுமாகப் பதினைந்து வருஷம் படித்தவருக்கு ஏன் இந்தக் கதி?

சொந்தமாக ஒரு பக்கம் எழுதும்படி அவரை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதே நமது பதிலாகும். காலேஜில் முதல் வருஷம் சேர்ந்தவுடன் தமிழ் ஒரு பாகம், இங்கிலீஷ் ஒரு பாகம் என்று வைத்திருக்கிறார்கள். செய்யுள், உரைநடை, இலக்கணம், இலக்கிய வரலாறு எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவை வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் பரீட்சையில் நடப்பதென்ன? நோட்ஸில் உள்ளதை நெட்டுருப் போட்டு, பரீட்சை ஹாலில் கொட்டிவிட்டு, வெளியே வந்ததும் மறந்துவிடுவதுதானே நடக்கிறது! “இதைப்பற்றி உன் அபிப்பிராயம் என்ன? அதற்கு உன் காரணம் என்ன?” என்ற கேள்வி எத்தனை பிள்ளைகளின் காதில் விழுகிறது?

சொன்னதைத் திருப்பிச் சொல்லுவதே படிப்பு என்பது இந்த நாட்டின் பழைய வியாதி. ஒருவர் ஓத மற்றொருவர் ஒப்புவிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் அகங்காரம். நம்மில் பெரும்பாலோருக்கோ அந்த ஒப்புவிக்கும் யோக்கியதைகூட இல்லையென்று வைத்திருந்தார்கள். அந்த முறைதான் இன்று நோட்ஸ் என்றும் கைடு என்றும் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பரீட்சை வந்தால் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்துவரச் சொல்லிக்கொடுத்த பெற்றோர்கள், அதே பேனாவைக் கொண்டு ஒரு விஷயத்தை நாலு பேருக்கு விளங்கும்படி எழுதப் பழக்கியிருந்தால் எவ்வளவோ பிரயோஜனப்பட்டிருக்கும்.

ஆகவே காலேஜ் முதல் வருஷத்திலேயே எழுத்துப் பயிற்சிக்கென்று தனியாக ஒரு வகுப்பு ஆரம்பிக்க வேண்டுமென்கிறோம். இது நாம் கண்டுபிடித்த புதுமையல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1874ல் நுழைவுப் பரீட்சையில் ஒரு வியாசம் எழுதச் சொன்னது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே பலர் ஒழுங்காக எழுதவில்லை. பிறகு 1885ல் முதல் வருஷத்திலேயே எழுத்து வகுப்பை வைத்தார்கள். எழுத்து பிறவியிலே வருவதல்ல, பழக்கத்தினால் வருவதே என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டியதில்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் நியூயார்க்கில் இருக்கிறது. 1970ல் அந்நகரத்துச் சர்வகலாசாலை, ஹைஸ்கூல் முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. நீக்ரோக்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பு மக்களின் பிள்ளைகளும், போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களின் பிள்ளைகளும், ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். “இவர்களுக்கு எழுத வராது” என்று பெரிய மனிதர்கள் கூச்சலிட்டார்கள். அங்கே ஆசிரியையாயிருந்த மினா ஷானசி என்ற அம்மையார் கூச்சலிடாமல், அப்பிள்ளைகள் எழுதிய சுமார் 4,000 வியாசங்களை உட்கார்ந்து படித்தார். இவர்கள் மூடர்களல்ல, புதிதாகத் தொடங்குகிறவர்கள். இவர்கள் செய்யும் பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதே ஆசிரியர் வேலை என்று 1977ல் ஒரு புத்தகமே எழுதினார்.

நம் பிள்ளைகளின் பிழைக்கும் காரணம் உண்டு. “எங்கப்பா கம்பெனில வேல பாக்குறாரு” என்று பேசுகிற பிள்ளை “என் தந்தை தொழிற்சாலையில் பணிபுரிகிறார்” என்று எழுதவேண்டியிருக்கிறது. காதுக்கு ஒன்றாய்க் கேட்கும் ரகரமும் றகரமும் கையில் இரண்டாகப் பிரியவேண்டியிருக்கிறது. இது பாவமா? 1935ல் ‘குடி அரசு’ சீர்திருத்திய எழுத்துக்களை அச்சிட்டது. 1978ல் தமிழ்நாடு சர்க்கார் அவற்றை ஏற்றுக்கொண்டது. மனிதனுடைய சௌகரியத்துக்காக எழுத்தையே மாற்றலாமென்றால், எழுத்துப் பிழைக்காக மனிதனைத் தள்ளிவைப்பது என்ன நியாயம்?

நிற்க, இந்த வகுப்பில் எதை எழுதுவது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை செய்பவரின் மகளும், பழவேற்காட்டில் வலை போடுபவரின் மகனும், 1965 முதல் நடக்கும் பொன்னேரி லோகநாத நாராயணசாமி அரசு காலேஜைப்போன்ற இடங்களில்தான் வந்து சேருகிறார்கள். நைட் ஷிப்டு முடிந்து வரும் தகப்பனார் தூங்குவதெப்படி, சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கெதற்கு, ஆலை வந்தபின் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்னவாயிற்று, ரயிலில் பெண்கள் பெட்டியில் நடப்பதென்ன என்பதெல்லாம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அதைத்தான் எழுதச் சொல்லவேண்டும். கண்டது எது, கேட்டது எது, தான் நினைப்பது எது என்று பிரித்து எழுதச் சொல்லவேண்டும். வாரம் ஒரு பக்கம் போதும். ஆசிரியர் ஒவ்வொரு பிழைக்கும் சிவப்பு மையைக் கொட்டாமல், “இது எனக்கு விளங்கவில்லை, இதற்குக் காரணம் சொல்லவில்லை” என்று இரண்டு குறிப்பு எழுதித் திருப்பித் தரவேண்டும். பிள்ளை அதை மறுபடி எழுதவேண்டும். அந்த மறு எழுத்தில்தான் படிப்பு இருக்கிறது.

இதற்குச் சில ஆட்சேபணைகள் வரலாம். உத்தியோகத்துக்கு இங்கிலீஷ் அல்லவா வேண்டும் என்பார்கள். வேண்டியதுதான். ஆனால் சொந்த பாஷையில் ஒரு விஷயத்தை முன்பின்னாக அடுக்கத் தெரியாதவர் அன்னிய பாஷையில் எதை அடுக்குவார்? முதலில் தமிழில் எழுதட்டும், பிறகு அதையே இங்கிலீஷிலும் எழுதட்டும். கைப்பேசியிலுள்ள இயந்திரமே இப்போது எழுதிக் கொடுத்துவிடுகிறதே என்பார்கள். மனு எழுதுபவருக்குப் பதில் ஓர் இயந்திரம் உட்கார்ந்தால் மட்டும் அடிமைத்தனம் போய்விடுமா? அது எழுதியது சரியா தப்பா என்று பார்ப்பதற்காவது சொந்த புத்தி வேண்டாமா? வகுப்பிலேயே, கையாலேயே எழுதச் சொன்னால் அந்தப் பயமும் தீர்ந்தது.

ஆசிரியருக்கு நேரமேது என்பது மாத்திரம் நியாயமான கேள்வி. அறுபது பேர் எழுதியதை ஆளுக்குப் பத்து நிமிஷம் படித்தால் பத்து மணி நேரமாகும். இருபத்தைந்து பேராகப் பிரித்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அதற்கு ஆசிரியர்கள் அதிகம் வேண்டும். அவர்களைக் கௌரவ விரிவுரையாளர் என்ற பேரில் தற்காலிகக் கூலிக்கு வைக்காமல் நிரந்தரமாக நியமிக்கவேண்டும். சர்க்கார் பள்ளியில் படித்துக் காலேஜுக்கு வரும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ரூ.1,000 கொடுக்கிறார்கள். மெச்சத்தக்க காரியம். வாசல்வரை அழைத்துவரப் பணம் தருபவர்கள், உள்ளே வந்தவர்களை எழுதவைக்கவும் செலவிடவேண்டாமா?

தகவல் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. பத்து ரூபாய் கட்டி, தமிழிலேயே எழுதிக் கேட்டால், முப்பது நாளில் பதில் சொல்லவேண்டுமென்று அதில் இருக்கிறது. ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எழுதத் தெரியாதவருக்கு அந்தச் சட்டம் பூட்டிய பெட்டிதானே! தன் குறையைத் தன் கையால் எழுதத் தெரியாதவன் பிறர் எழுதியதில் கையெழுத்துப் போடுகிறான்; பிறர் நினைத்ததையே தன் நினைப்பு என்றும் எண்ணிக்கொள்ளுகிறான்.

ஆகையால் தோழர்களே! உங்கள் பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்கும்போது, “எங்கள் பிள்ளை வாரத்துக்கு எத்தனை பக்கம் சொந்தமாக எழுதும்? அதை யார் படித்துத் திருத்துவார்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.