பாலத்துக்கு அப்பால் ஒரு கச்சேரி



ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனி நாட்டுப் பங்குத்தந்தையர் விடுமுறையில் செல்வதும், அவர்களுடைய இடத்தில் நம் நாட்டுக் குருக்கள் சென்று பணியாற்றுவதும் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் பவேரியா மாநிலத்தின் எல்லையோரப் பங்கு ஒன்றில் அவ்வாறு ஒரு மாதம் தங்கியிருந்தோம். அருகே ஃப்ரைலாசிங் இரயில் நிலையம். அங்கிருந்து சாலாக் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஆஸ்திரியா நாடு. பத்து நிமிடங்களுக்குள் சால்ஸ்பர்க் நகரம் வந்துவிடும்.

அப்பங்கின் கோயிற்பிள்ளை எழுபத்தெட்டு வயது நிறைந்த முதியவர், ஓய்வுபெற்ற தச்சர். ஒருநாள் மாலை இரு நுழைவுச் சீட்டுகளுடன் வந்து நின்றார். “சுவாமி, நாளை மொசார்ட்டின் பாட்டுப்பூசை கேட்கப் போகிறோம்” என்றார். 1920-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சால்ஸ்பர்க் இசைவிழாவை நாம் நூல்களில் மட்டுமே அறிந்திருந்தோம். மகிழ்ச்சியோடு இசைந்தோம்.

இரயிலில் அவர் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். மியூனிக் நகரில் தையற்காரரிடம் வேலைபார்த்த அவர், ஆண்டு முழுவதும் காசு சேர்த்து, கோடையில் ஒரே ஒரு கச்சேரிக்காகச் சால்ஸ்பர்க் சென்று வருவாராம். 1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஆஸ்திரியாவுக்குச் செல்லும் ஜெர்மானியர் ஆயிரம் மார்க் செலுத்தவேண்டும் என்பது அச்சட்டம். தொழிலாளி ஒருவருக்கு அது பல மாதக் கூலி. சுற்றுலாப் பயணிகளை நம்பியிருந்த அண்டை நாட்டை மண்டியிடச் செய்வதே அதன் நோக்கம். இசைவிழாவுக்கு வந்த ஜெர்மானியர் தொகை அக்கோடையிலேயே அடியோடு குறைந்தது. தையற்காரரின் உண்டியலும் நிரம்பாமலே கிடந்தது.

1936-இல் அத்தடை நீங்கியது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது எல்லையே இல்லாமற்போயிற்று. “எல்லை போயிற்றே, உம் தந்தை மகிழ்ந்திருப்பாரே?” என்று கேட்டோம். முதியவர் தலையை அசைத்தார். “இல்லை சுவாமி. அவர் நேசித்த இசைஞர்களும் போய்விட்டார்கள்” என்றார். அவ்விழாவின் பெருமையாக விளங்கிய தொஸ்கானினி அவ்வாண்டு அங்கே வர மறுத்து, சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் இசை நடத்தினார் என்பது வரலாறு. வலியவன் விழுங்குவதாலும் எல்லை மறையும். அயலான் அன்போடு கதவைத் திறப்பதாலும் மறையும். இரண்டும் ஒன்றல்ல.

புனித பேதுரு மடத்துக் கோவிலில் அமர்ந்தோம். 1783 அக்டோபர் 26 அன்று மொசார்ட்டின் சி-மைனர் பூசையிசை முதன்முதலாக ஒலித்தது அதே கோவிலில்தான். அவர் மனைவி கோன்ஸ்தான்சே அன்று பாடினார் என்பர். அது நிறைவுபெறாத படைப்பு. விசுவாசப் பிரமாணம் பாதியில் நிற்கிறது. இறைவனின் செம்மறியை நோக்கிச் சமாதானம் வேண்டும் இறுதி மன்றாட்டோ இசையமைக்கப்படவே இல்லை. ஆயினும் நம் கண்கள் கலங்கின. முதியவரோ தந்தைக்கும் சேர்த்துக் கேட்பவர்போல் கைகூப்பி அமர்ந்திருந்தார்.

திரும்பும்போது ஃப்ரைலாசிங்கில் காவலர் இருவர் இரயிலில் ஏறினர். 1998-இல் நீக்கப்பட்ட எல்லைச் சோதனை, அகதிகள் திரளாக வந்த 2015 செப்டம்பரில் மீண்டும் தொடங்கியிருந்தது. வெள்ளைத் தலைகளைக் கடந்து வந்த காவலர் நம்மிடம் நின்று கடவுச்சீட்டைக் கேட்டனர். அது பங்கு இல்லத்து மேசைமேல் கிடந்தது! எடுத்துவரத் தவறியது நம் பிழையே. எடுக்கச் சொல்ல முதியவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு அது எல்லையே அன்று, அடுத்த தெரு. அவரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நிலையத்து அறையில் நம்மை அமர்த்தினர். முதியவர் வாயிலில் நிறுத்தியிருந்த தம் காரை எடுத்துக்கொண்டு அந்த இரவில் விரைந்தார். அருகே ஓர் இளைஞன் நெகிழிப்பை ஒன்றை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தான். தன் தாளைத் தேடியெடுத்து வருவதற்கு அவனுக்கு எவரும் இல்லை என்பது பார்த்தவுடனே விளங்கியது. நாற்பது நிமிடங்களில் கடவுச்சீட்டு வந்தது. காவலர் பணிவோடு வணங்கி அனுப்பினர். விடுதலை உணர்வோடு வெளியேறினோம்.

காரில் ஏறிய பின்னரே உறைத்தது: அந்த இளைஞனின் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. பூசையிசை கேட்டுக் கலங்கிய கண்கள், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தும் பாராதிருந்தன. சமாதானம் வேண்டும் இறுதி மன்றாட்டு மொசார்ட்டின் ஏட்டில் மட்டுமா விடுபட்டிருந்தது?

அன்புக்குரிய குடும்பத்தாரே, பக்கத்து நாட்டுக்குப் போனாலும் கடவுச்சீட்டை மறவாதீர்கள். இது சிறிய புத்திமதி. பெரியது ஒன்று உண்டு. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிவேலைக்கு வந்த பிள்ளைகள் இன்று நம் ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். பூசை முடிந்ததும் ஓசையின்றிப் போய்விடுகிறார்கள். வருகிற ஞாயிறு அவர்களுள் ஒருவருடைய பெயரையேனும் கேட்டறிவோம். நாமும் அன்று கேட்கத் தவறியதைக் கேட்கப் போகிறோம்.