திரைகள் பேசுகின்றன, துறைகள் பேசுவதில்லை

இந்தியப் பெருநகரங்களின் நெரிசலுக்குத் தொழில்நுட்பப் பற்றாக்குறையே காரணம் என்பது வசதியான பொய். கருவிகள் வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவற்றை வாங்கிய துறைகள்தாம் இன்னும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கவில்லை.

பெங்களூருவை எடுத்துக்கொள்வோம். மாநகரப் பேருந்துக் கழகம் 2016இல் அறிவார்ந்த போக்குவரத்து அமைப்பைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேருந்துகளில் ஜிபிஎஸ் பொருத்தப்பட்டது. நெருங்கிவரும் பேருந்துக்காகப் பச்சை விளக்கைச் சில நொடிகள் நீட்டிப்பது, இத்துறைப் பாடநூல்கள் கூறும் எளிய உத்திகளுள் ஒன்று. அதற்குப் பேருந்தின் இருப்பிடத் தரவு உடனுக்குடன் சிக்னலைச் சென்றடைய வேண்டும்; சந்திப்பை எட்டும் வரை தடமும் திறந்திருக்க வேண்டும். தரவு பேருந்துக் கழகத்திடம், சிக்னல் உள்துறையின் கீழுள்ள காவல்துறையிடம், சாலை மாநகராட்சியிடம். சில நொடிப் பச்சைக்கு மூன்று தலைமைகளின் இசைவு தேவை.

2019இல் வெளிவட்டச் சாலையில் பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் அதே சாலையில் மெட்ரோப் பணி தொடங்கியது, தனித்தடம் சிதைந்தது. ஒரு பொதுப் போக்குவரத்து மற்றொன்றின் இடத்தை விழுங்கியதற்கு எந்த மென்பொருளைக் குறை கூறுவது?

தீர்வு அறியாததன்று. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தைப் பரிந்துரைத்தது. சென்னைக்கான சட்டம் 2010இல் நிறைவேறியது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022இல்தான் நடந்தது. பெங்களூருவுக்கான சட்டமும் 2022ஆம் ஆண்டினதே. இதற்கிடையில், 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டமோ 100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையங்களை எழுப்பிவிட்டது. திரை வாங்க ஒப்பந்தப்புள்ளி போதும்; அதிகாரத்தைப் பகிர மனம் வேண்டும்.

"மேலும் ஒரு குழுமம், மேலும் ஒரு கோப்பு" என்பர் சிலர். வெறும் ஆலோசனைக் குழுமமெனில் அவர்கள் கூற்று மெய்யே. ஆகவேதான் பெயர்ப்பலகை போதாது. பொதுத் தரநிலையில் தரவைப் பகிராத துறையின் திட்டத்துக்கு நிதியை மறுக்கும் உரிமை அக்குழுமத்துக்கு வேண்டும். தரவைத் திறப்பது இயலாத செயலும் அன்று. டெல்லி அரசு 2018இலேயே பேருந்துத் தரவைப் பொதுவில் வெளியிட்டது.

ஆய்வுலகமும் இதில் குற்றமற்றதன்று. சிக்னல் நேரத்தைச் செம்மைப்படுத்தும் படிமுறைகளுக்குக் கட்டுரைகள் குவிகின்றன. அப்படிமுறை எந்த அலுவலரின் மேசையில் நின்றுபோகிறது என்ற கேள்வி "பொறியியல் அன்று" என ஒதுக்கப்படுகிறது. அந்த மேசையைக் கணக்கில் கொள்ளாத மாதிரி, நகரத்தின் மாதிரியே அன்று. அதற்கான விலையை ஆய்விதழ்கள் தருவதில்லை. நிறுத்தத்தில் வெயிலில் காத்திருப்பவரே தருகிறார்.