பச்சோந்திக் குஞ்சு வளர்கிறதா, வாடுகிறதா?

கட்சி மாறும் அரசியல்வாதியைத் திட்ட நம்மூரில் ரொம்பக் காலமாகக் கைகொடுக்கும் பிராணி பச்சோந்தி. பாவம், அது எந்தக் கட்சியிலும் இல்லை :-) தாம்பரம், சேலையூர் பக்கம் பலர் வேலியில் தலையாட்டும் ஓணானைப் பார்த்தே "பச்சோந்தி"ன்னு சொல்லிவிடுவார்கள். நிஜப் பச்சோந்தி வேறு. கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும், விரல்கள் இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும், நடையோ ஆமை வேகம். இந்தியாவில் இருப்பது ஒரே இனம்தான், இலங்கையிலும் அதேதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதரில் கிடைத்த குஞ்சை ஒரு பையன் வீட்டுக்கு எடுத்து வருகிறான் என்று வையுங்கள். கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைக்கிறான். "நல்லா கலர் மாத்துது, ஜம்முனு இருக்கு" என்று நண்பர்களிடம் பெருமை வேறு. தப்பு இங்கேதான் தொடங்குகிறது. பச்சோந்தி நிறம் மாறுவது பயம், கோபம், வெயில், குளிர் இவற்றால். கறுத்துப் போவது பல நேரம் மிரட்சியின் அடையாளம். நிறத்தை வைத்து வளர்ச்சியைச் சொல்லவே முடியாது.

அப்புறம் எப்படித்தான் சொல்வது? வெளிநாடுகளில் ஏமன், சவூதிப் பகுதியின் பச்சோந்தி இனத்தை வளர்ப்பவர்கள், கிராம் காட்டும் சின்னத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து நோட்டில் குறிக்கிறார்கள். காரணம் உண்டு. இந்தப் பிராணி நோயை மறைக்கும். கண்ணுக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். எடைதான் முதலில் உண்மையைச் சொல்லும். வளரும் குஞ்சின் எடை ஏற வேண்டும், தோலும் அடிக்கடி உரிய வேண்டும். எடை நின்றுவிட்டால் ஆபத்து. கண் குழி விழுந்தால் தண்ணீர் போதவில்லை (அது கிண்ணத்தில் குடிக்காது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும்). கால் வளைந்தால் சுண்ணாம்புச் சத்தும் புற ஊதாக் கதிரும் போதவில்லை. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆக, ஜன்னலோர ஜாடியால் பயனில்லை. அதற்காகத் திணித்துத் திணித்து ஊட்டுவதும் ஆகாது. வேகமாகக் கொழுத்த பெண் பச்சோந்தி அளவுக்கு மீறி முட்டை சுமந்து அதனாலேயே சாகலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு "தராசு வாங்கிட்டா போச்சு" என்று கிளம்பிவிடக் கூடாது. நம்மூர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்படும் பிராணி. பிடிப்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்தி என்றாலும் 2024இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தே தீர வேண்டும்.

"வெளியே விட்டா பூனை தின்னும், வண்டி ஏறிடும், வீட்லயே பத்திரமா இருக்கட்டுமே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். புறநகரில் புதர்க்காடு மனையாகிக்கொண்டே போகிறது. தார் ரோட்டில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு வலிக்கும். ஆனால் வெளியே ஆபத்து இருக்கலாம்தான், ஜாடிக்குள் சாவு கிட்டத்தட்ட நிச்சயம். ரோட்டில் கண்டால் அது போகிற பக்கத்துப் புதரில் ஏற்றிவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம். கொல்லையில் ஒரு மூலையை வெட்டாமல், மருந்தடிக்காமல் விட்டாலே பூச்சியும் வரும், அதைத் தின்ன பச்சோந்தியும் வரலாம்.

வளர்ச்சியைப் பார்க்கும் ஆசை நல்ல ஆசைதான். அதைத் தள்ளி நின்று, ஒரு நோட்டோடு, அதே புதரில் பார்க்கலாம். மழைக்காலத்தில் விரல் நீளம் இருந்த குஞ்சு அடுத்த வருஷம் அதே கிளையில் பெரிதாக உட்கார்ந்திருந்தால், அதைவிட நல்ல வளர்ச்சிக் கணக்கை எந்தத் தராசும் காட்டாது.