குடித்துக் கெட்டவனுக்கு அரசு வைத்தியமா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டவனுக்கு நம்ம வரிப்பணத்துல எதுக்கு வைத்தியம்?" 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் தந்தது சரியா என்று வாதாடலாம். ஆனால் நிவாரணம் வேறு, வைத்தியம் வேறு.

அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் சீக்கிரம் கிடைத்தால் உயிரும் பார்வையும் தப்ப வழி உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலேயே "குடிச்சியா? அப்ப பணம் கட்டு" என்றால் கூலிவேலை செய்பவர் வருவாரா? வீட்டிலேயே போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். விடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

கள்ளச்சாராயத்தை விடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைக் கடை வைத்து விற்பதே அரசின் டாஸ்மாக்தான். பாட்டிலுக்குப் பாட்டில் வரி வாங்கிக்கொண்ட கஜானா, அதே ஆள் ஈரல் கெட்டு வந்து நிற்கும்போது மட்டும் "உன் தப்பு" என்று கைகழுவலாமா?

ஹெல்மெட் போடாமல் விழுந்தவனுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறார்கள். இனிப்பை விடாத சர்க்கரை நோயாளிக்கும் மாத்திரை தருகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளை நோய் என்றே சொல்கிறது. மருத்துவர் நீதிபதி அல்ல.

வகுப்பறையில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். அப்பா குடித்துப் படுக்கையில் விழுந்தால், அம்மா வட்டிக்கு வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுவார். அடுத்த மாதம் பையன் வகுப்பில் இருக்க மாட்டான், வேலைக்குப் போயிருப்பான். இலவச வைத்தியத்தை மறுத்தால் தண்டனை அனுபவிப்பது அந்தப் பிள்ளைதான்.

மாணவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. உடம்பைத் தேற்றி அதே கடைக்குத் திருப்பி அனுப்பினால் வரிப்பணம் வீண்தான். ஆகவே வைத்தியத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மதுவில் வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தாலுகா ஆஸ்பத்திரி வரை குடிமறப்பு சிகிச்சை வேண்டும், வீடு திரும்பியவரைத் தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றும் கோபித்ததில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்