‘அவங்கம்மாவ வரச் சொல்லுங்க!’: வாசலோடு நிற்கும் கணபதி அப்பாக்கள்

கோவை, கணபதி:

லேத் பட்டறைகளும், பவுண்டரிகளும் நிறைந்த பகுதி கணபதி. வெளியூரில் இருந்து பிழைக்க வந்து, லைன் வீட்டில் வாடகைக்கு குடியிருக்கும் தம்பதிகள் இங்கு ஏராளம். பாட்டி, தாத்தா துணை கிடையாது. இரண்டு பேரும் வேலைக்கு போனால்தான் அடுப்பு எரியும். மனைவி காலை ஷிப்ட் கிளம்பினால், நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவன்தான் குழந்தைக்கு காவல்.

அந்த கணவன் குழந்தையை தூக்கிக்கொண்டு எடை பார்க்கவோ, சத்துமாவு வாங்கவோ போனால் ‘ஏனுங்க, அவங்கம்மா வரலீங்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. தாய்மார் கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே வண்டியை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிரசவ வார்டிலேயே ஆரம்பம்

இது பிரசவத்தின்போதே தொடங்கி விடுகிறது. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் உடன் ஒருவர் இருக்கலாம் என்ற திட்டம் 2004-ல் வந்தது. ஆனால் அது பெண் உறவினருக்கு மட்டும். மற்ற பெண்களின் மறைவு காக்கப்படும் வசதி இருந்தால் கணவனையும் விடலாம் என்று மத்திய அரசு 2016-ல் சொன்னது. தடுப்பு இல்லாத பொது அறையில் அது எப்படி முடியும்?

சட்டத்திலும் அம்மாதான்

50 பேரோ, அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. தினமும் 4 முறை போய் குழந்தையை பார்க்கலாம். யார்? தாய் மட்டும். 2020-ல் கொண்டு வந்த சமூக பாதுகாப்பு சட்ட தொகுப்பிலும் அப்படியேதான். ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதுவும் கிடையாது.

மனைவியின் பிரசவத்துக்கு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் லீவு உண்டு. பட்டறை தொழிலாளிக்கு? லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு.

அடி யாருக்கு?

பால் கொடுப்பது, பிரசவ உடல்நிலை பற்றி பெண்கள் தனியாக பேச இடம் வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் ஊசி தேதி, எடை, சாப்பாடு பற்றி அப்பா தெரிந்துகொள்வதில் என்ன கூச்சம்?

அப்பாவை திருப்பி அனுப்பினால் அடி விழுவது அம்மா மேல்தான். 10 நிமிட வேலைக்கு அவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். ‘குழந்தை உன் பொறுப்பு’ என்று கணவன் ஒதுங்கவும் இது சாக்காகி விடுகிறது.

2018-ல் தொடங்கிய போஷன் திட்டத்திலேயே கணவன்மார்களுக்கு தனியாக ஊட்டச்சத்து தினம் நடத்த இடம் இருக்கிறது. மாதம் ஒரு கூட்டத்தையாவது ‘பெற்றோர் கூட்டம்’ ஆக்கி, ஷிப்ட் முடிந்த பிறகு மாலையில் நடத்தினால் அப்பாக்களும் வருவார்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கூட ஒரு நாற்காலி போட்டால் போதும். அதிகாரிகள் போடுவார்களா?