தெற்கு பார்த்த சுவர்

லடாக்கில் லே நகருக்கு அருகே, ஃபே கிராமத்தையொட்டி செக்மோல் பள்ளி வளாகம் இருக்கிறது. குளிர்கால இரவில் வெளியே மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். உள்ளே பிள்ளைகள் அடுப்பில்லாமல் படிக்கிறார்கள். மாயம் எதுவுமில்லை. கட்டடத்தின் நீளப்பக்கம் தெற்கு பார்த்திருக்கிறது, பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு. டிசம்பரில் அங்கே உச்சி வெயிலே 32 பாகை உயரத்தில்தான் நிற்கும்; அறையின் உள்சுவர் வரை சாய்ந்து விழும். திமிசு போட்டு இறுக்கிய தடித்த மண்சுவர் பகலெல்லாம் அந்தச் சூட்டைக் குடித்து, ராத்திரியில் மெல்ல விடுகிறது. குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு கட்டிவிடுவார்கள், கோடையில் கழற்றிவிடுவார்கள். கோடைச் சூரியனோ ஏறக்குறைய தலைக்கு மேலே போய்விடுவதால் அறை தகிப்பதில்லை.

இத்தனையும் கண்ணெதிரே இருக்க, அதே லடாக்கில் திசையே பார்க்காமல் மெல்லிய கான்கிரீட் சுவர் எழுப்பி, மலைக் கணவாய் தாண்டி லாரியில் வந்த மண்ணெண்ணெயைப் புகாரி அடுப்பில் எரித்து, அந்தப் புகையிலேயே குழந்தைகளையும் தூங்கவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே அரசு கட்டும் ஒவ்வொரு பள்ளியும் மருத்துவமனையும் தெற்கு பார்த்தே இருக்க வேண்டும் என்று விதியே போடலாம். வரைபடத்தைத் திருப்பி வைக்கத் தனியாகப் பணம் எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை.