பிள்ளைத்தாய்ச்சிகளைக் கைவிட்ட ஐந்தரை மாதங்கள்

2021 ஜனவரி 16 அன்று கரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊசி கிடையாது என்றது மத்திய சுகாதார அமைச்சகம். பாலூட்டுவோருக்கு மே 19இல்தான் வழி திறந்தது. கர்ப்பிணிகளுக்கோ ஜூலை 2இல். அதற்குள் இரண்டாம் அலை சூறையாடிவிட்டு வடிந்தே போயிருந்தது.

பரிசோதனைகளில் கர்ப்பிணிகள் இடம்பெறவில்லை, ஆகவே பாதுகாப்புக்குத் தரவு இல்லை என்றார்கள். இடம்பெற விடாதது யார்? சேர்க்காமல் விட்டுவிட்டு, தரவு இல்லையே என்று கையை விரிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆபத்து தெரியாமல் இல்லை. கருப்பை வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ கூடிக்கொண்டே போகிறது. தொற்று முற்றினால் குறைப்பிரசவமும் தீவிர சிகிச்சையும் காத்திருக்கின்றன. தொற்று கண்ட கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே, முதல் அலையில் 0.7 சதவீதமாக இருந்த இறப்பு இரண்டாம் அலையில் 5.7 சதவீதமானது என்றது. மகப்பேறு மருத்துவர்களின் தேசியக் கூட்டமைப்பு ஊசி போடுங்கள் என்று முன்பே கேட்டது. எந்தக் கோப்பு எந்த மேசையில் கிடந்தது?

இதில் மிகக் கொடியது மருத்துவமனைக்குள் நடந்தது. முன்னுரிமைப் பட்டியலில் முதல் வரிசை செவிலியர்களுக்கு. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு முகாமில் நின்று ஊரார் தோளில் ஊசி போட்ட செவிலியருக்கு, அவர் கையிலிருந்த அதே மருந்து மறுக்கப்பட்டது. இதற்குப் பாதுகாப்பு என்றா பெயர்?

பிரசவத்துக்குப் பிறகும் அநீதி தொடர்ந்தது. முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொற்றுள்ள தாயும் பாலூட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020லேயே சொல்லிவிட்டது. இருந்தும் எத்தனையோ பச்சிளம் சிசுக்கள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன. சீம்பால் கிடைக்க வேண்டிய வாய்களுக்குப் பால்பவுடர் கரைத்து ஊற்றப்பட்டது. பச்சை உடம்புக்காரி மார்பு கட்டிக்கொண்டு வேறொரு வார்டில் தவித்தாள்.

அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். 2021 ஜனவரி 16 முதல் ஜூலை 2 வரை கரோனாவால் இறந்த கர்ப்பிணிகள், பிரசவித்த பெண்களின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். இனி எந்தப் பெருந்தொற்றுத் தடுப்பூசியானாலும், விலங்குச் சோதனையும் தொடக்கநிலைப் பாதுகாப்புச் சோதனையும் முடிந்ததும், விருப்பமுள்ள கர்ப்பிணிகளை ஆய்வில் சேர்ப்பதை விதியாக்க வேண்டும். மருத்துவக் காரணம் எழுத்தில் இல்லாமல் தாயையும் சேயையும் பிரிக்கக் கூடாது என்ற ஆணை, அரசு, தனியார் பேதமின்றி ஒவ்வொரு பிரசவ வார்டுக்கும் போய்ச்சேர வேண்டும்.